கோஸ்டர் வாங்குவதும் மோட்டார் வாங்குவதும்

எங்கே புது ரோலர் கோஸ்டர் அறிவித்தாலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விழும் முதல் கேள்வி "எத்தனை அடி?" அடுத்தது, "எத்தனை தடவை தலைகீழா போகும்?" நான் ஒருவன்தான் கிழவன் மாதிரி "செய்து கொடுப்பது யார்?" என்று கேட்பேன்.

அப்பா கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போனபோது கடைக்காரர் எச்.பி. கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கேட்டது ஒன்றுதான்: "காயில் போச்சுன்னா யார் வந்து கட்டுவா, எத்தனை நாளாகும்?" நடவு நேரத்தில் மோட்டார் படுத்துவிட்டால் நாற்று காத்திருக்காது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடார் பாயிண்டுக்கும் அதே கவலைதான். மே மாதம் திறந்து இலையுதிர் காலத்தோடு மூடிவிடும் பொழுதுபோக்கு பார்க் அது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை கோஸ்டர் நின்றால் அந்தச் சனிக்கிழமை திரும்ப வராது.

அங்கே 2000-ல் சுவிட்சர்லாந்தின் இன்டமின் நிறுவனம் மில்லேனியம் ஃபோர்ஸைக் கட்டியது. 310 அடி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் கோஸ்டர்களில் 300 அடியைத் தாண்டிய முதல் ஆள். ரயிலை மேலே இழுக்கச் சங்கிலிக்குப் பதில் கேபிள் போட்டார்கள். இன்றும் ஓடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தெம்பில் 2003-ல் அதே கம்பெனியிடம் டாப் த்ரில் டிராக்ஸ்டர் வாங்கினார்கள். 420 அடி, நான்கே நொடியில் மணிக்கு 193 கி.மீ., பதினேழு நொடியில் ஆட்டம் முடிந்துவிடும். செலவு 2.5 கோடி டாலர். எண்ணெய் அழுத்தத்தில் சுற்றும் ராட்சத வின்ச், கேபிளால் ரயிலைச் சுண்டி எறியும். சில நேரம் ரயில் உச்சியைத் தொடாமல் வந்த வழியே சறுக்கி இறங்கும். (அந்த ரோல்பேக் தங்களுக்குக் கிடைக்காதா என்று ஏங்கிய ரசிகர்கள் உண்டு. அது தனி வியாதி.)

2007-ல் மேவரிக். அதுவும் இன்டமின்தான். சோதனை ஓட்டத்தில் ஒரு சுழற்சி ஆட்களுக்குத் தாங்காது என்று தெரிந்து, அந்தப் பகுதியைக் கழற்றி மாற்றிவிட்டு, தாமதமாகத் திறந்தார்கள். அதற்கப்புறம் சீடார் பாயிண்ட் இன்டமினிடம் கோஸ்டர் வாங்கவில்லை. 2013-ல் கேட்கீப்பர், 2016-ல் வால்ரேவன், இரண்டும் பொலிஜர் அண்ட் மபியார், சுருக்கமாக பி அண்ட் எம். முன்பு இன்டமினுக்கு இரும்பு வேலை செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலையிலிருந்து விலகிய இரண்டு பொறியாளர்கள் 1988-ல் தொடங்கிய கம்பெனி அது. "வெண்ணெய் மாதிரி போகுது, பயமே இல்லை" என்று ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். பார்க் நடத்துபவர் காதில் அது வசையா?

2023 ஜூனில் அந்த பி அண்ட் எம்மின் பெயரும் அடிபட்டது. அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பார்க்கில் இருக்கும் அவர்களது 325 அடி ஃபியூரி கோஸ்டரின் தூண் ஒன்று விரிசல் விட்டு, ரயில் போகும்போதெல்லாம் விலகி அசைவதை வந்திருந்த ஒருவர் வீடியோ எடுத்துவிட்டார். பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ரைடை உடனே மூடினார்கள். கம்பெனி புதுத் தூண் செய்து அனுப்பியது, சோதனைகள் முடிந்து ஆகஸ்ட் 10 அன்று திறந்தாகிவிட்டது. ஆறு வாரம்.

டிராக்ஸ்டர் கதையையும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ரயிலிலிருந்து ஓர் உலோகத் துண்டு பிய்ந்து, வரிசையில் நின்ற பெண்ணின் தலையில் பட்டுப் பலத்த காயம். அதோடு மூடியதுதான். பிறகு இத்தாலியின் ஸாம்பெர்லா வந்து வின்ச்சைத் தூக்கிவிட்டுக் காந்த விசைக்கு மாற்றி, 2024 மே 4 அன்று திறந்தார்கள். ஒரே வாரம். ரயில் சக்கரத்தில் சிக்கல் என்று அந்த ஆண்டு முழுக்க மூடிவிட்டு 2025-ல்தான் மறுபடி ஓட்டினார்கள். தூணை மாற்றுவதும் உந்துவிசையையே மாற்றுவதும் ஒன்றல்ல, ஒப்பீடு முழு நியாயமில்லை. ஆனாலும் குழந்தைகள் ரைடுகளால் பெயர் வாங்கிய கம்பெனிக்கு 420 அடி வேலையைக் கொடுத்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. பெரிய ஆட்டத்தில் கால்வைக்கத் துடிப்பவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

குழுவில் ஒரு தம்பி மடக்கினான்: "1992-ல் ஒரு பார்க் துணியாம இருந்தா, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிப் போற பேட்மேன் கோஸ்டர் வந்திருக்குமா அண்ணா? பி அண்ட் எம்மும் அப்போ புதுசுதானே?" சரிதான். பதில் சொல்ல முடியவில்லை. அதே சீடார் பாயிண்டில் குலுக்கி எடுத்த பழைய மரக் கோஸ்டரை ராக்கி மவுண்டன் கம்பெனி 2018-ல் ஸ்டீல் வெஞ்சென்ஸ் ஆக்கியதும் துணிச்சலால்தான்.

எனக்குப் பிடித்த வேடிக்கை ஜெர்மனியில் இருக்கிறது. ஐரோப்பா பார்க்கின் முதலாளிகளான மாக் குடும்பம்தான் மாக் ரைட்ஸுக்கும் முதலாளி. சொந்த வீட்டிலேயே பட்டறை. ஆனாலும் 2002-ல் 73 மீட்டர் உயரத்தில் சில்வர் ஸ்டார் வேண்டுமென்றபோது பி அண்ட் எம்மிடம் போனார்கள். தன் கையால் எது வரும், எது வராது என்று தெரிந்த தச்சன்.

சீடார் பாயிண்ட் 2025-ல் வாங்கியது நெதர்லாந்தின் வெகோமாவிடம், சைரன்ஸ் கர்ஸ். உச்சியில் தண்டவாளம் முடிந்துவிடும். ரயில் நிற்கும் தண்டவாளத் துண்டு ரயிலோடு சேர்ந்து செங்குத்தாகச் சாய்ந்து, கீழே உள்ள பாதையோடு பொருந்திப் பூட்டிக்கொள்ளும், அப்புறம்தான் ரயில் விழும். "வெறும் 160 அடியா?" என்று குழுவில் ஒரே புலம்பல். நான் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2040-ல் அது தேய்ந்தால் ஸ்பேர் எத்தனை நாளில் வரும்?