பின்னால் இருப்பவரைக் கேளுங்கள்

திருகோணமலையில் யார் நல்லா மோட்டார் சைக்கிள் ஓடுவார் என்று கேட்டுப் பாருங்கள். நிலாவெளி வீதியில் பஸ்ஸை வெட்டிக்கொண்டு பறக்கிற பெடியனைத்தான் காட்டுவார்கள். நான் காட்டுவது வேறு ஆளை. தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறார், அந்த அம்மாவும் சீட்டை இறுக்கிப் பிடிக்காமல் கதைத்துக்கொண்டு போகிறார் பாருங்கள், அவர்தான் ஓட்டத் தெரிந்தவர்.

பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் அடிக்கடி உங்கள் ஹெல்மெட்டில் வந்து முட்டுகிறதா? பிழை அவருடையது இல்லை. நீங்கள் பிந்திக் காண்கிறீர்கள், அதனால் பிந்திப் பிரேக் பிடிக்கிறீர்கள். சந்தியில் ஆட்டோ திரும்பப் போவதைத் தூரத்திலேயே கண்டுவிட்டால் அக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டாலே போதும், பிரேக்கே தேவைப்படாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு செக்கன் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும்.

முன் பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பிடித்தால் குப்புற விழுத்திவிடும் என்று சொல்லியே பலரைப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் சரியான கோபம் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் பாரம் முன் சில்லுக்குத்தான் போகிறது, நிறுத்துகிற பலமும் அங்கேதான் கூட. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பாரம் குறைந்த பின் சில்லு இறுகி, வண்டி பக்கவாட்டில் இழுபடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கைத் திடீரென்று நெரிக்காமல், வண்டி நேராக இருக்கும்போது மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். கடற்கரைப் பக்க வீதிகளில் காற்று மணலைக் கொண்டுவந்து வளைவுகளில் போட்டிருக்கும். அங்கே வளைவுக்கு முதலே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், மணலுக்கு மேல் வைத்துப் பிரேக் பிடிக்கக் கூடாது.

அப்புறம் இரவு. வீதியின் நடுவில் மாடுகள் படுத்திருப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதினம் இல்லை. கறுத்த மாடு என்றால் லைட் வெளிச்சம் மேலே படும்வரை தெரியாது. வெளிச்சம் விழுகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு போகிறார் என்றுதான் சொல்வேன். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் மாட்டின் இடத்தில் யானை நிற்கும். ஒன்று எதிர்ப்பட்டால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். தப்புகிற இடைவெளியைப் பார்க்கப் பழக வேண்டும். அது ஆறுதலாக ஓடுகிற நாட்களிலேயே பழகவேண்டிய பழக்கம், அவசரத்தில் புதிதாக வராது.

இதெல்லாம் தெரிந்த ஆட்களே காலையில் பள்ளிக்கூட நேரத்தில் செய்கிற ஒன்றுதான் எனக்குத் தாங்க முடியாதது. தகப்பனின் தலையில் ஹெல்மெட் இருக்கும், முன்னால் பெற்றோல் டாங்கியில் இருக்கிற பிள்ளையின் தலை வெறுமையாக இருக்கும். முட்டினால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான். "பக்கத்தில்தானே பள்ளிக்கூடம்" என்பார்கள். பக்கத்தில் என்றால் தார் வீதி மெத்தையாகிவிடுமா?

பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மெட் கடைகளில் இருக்கிறது. வளர்ந்தாலும் போடலாம் என்று பெரிதாக வாங்காதீர்கள், விழும்போது கழன்றுவிடும். பட்டியை நாடிக்குக் கீழே பூட்டி, தலையை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆடினால் சரி, வண்டியை எடுக்கலாம்.