சேர்க்கத் தெரியும், நீக்கத் தெரியுமா?

நேற்று சிங்கப்பூர் தேக்காவில் பழைய தோழி ஒருத்தியைப் பார்த்தேன். என்னைப் போலவே சின்னக் கம்பெனியில் அட்மின். சம்பளம், இன்வாய்ஸ், ஜிஎஸ்டி, ஏர்கான் சர்வீஸ், பிரிண்டர் மக்கர் பண்ணினால் அதுவும் அவள் தலையில்தான். “வீட்டிலிருந்து ஆபீஸ் ஃபைலைத் திறக்கணும், செலவில்லாம ஒரு விபிஎன் போடும்மா” என்று முதலாளி சொல்லிவிட்டாராம். விபிஎன் என்றால், இணையத்துக்குள்ளேயே போடுகிற பூட்டிய தனிவழி. போனில் எதையோ டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு, இது போதுமா என்றாள்.

போதாது. அந்த மாதிரி ஆப்கள் நாம் இருக்கும் ஊரை மறைத்துக் காட்டத்தான் உதவும். ஆபீஸ் மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அவை வழி போடாது. அதோடு, நம் இணையப் போக்குவரத்து மொத்தத்தையும் சும்மா சுமந்துகொண்டு போகிறவருக்கு வரும்படி எங்கிருந்து வருகிறது என்றும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆபீசில் முதலில் இருந்தது வயர்கார்ட் என்கிற விபிஎன் மென்பொருள். முழுக்க இலவசம், 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட சரக்கு, வேகத்தில் குறையே சொல்ல முடியாது. அதைப் போட்டுக் கொடுத்த தம்பி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். பிறகு விற்பனையில் இருந்த ஒருவரும் விலகினார். அவரை நீக்கலாம் என்று உட்கார்ந்தால், பட்டியலில் ஆள் பெயரே இல்லை! ஐந்து சாவிகள், அதாவது ஒவ்வொரு மெஷினையும் அடையாளம் காட்டும் எழுத்துக்கோவைகள். ஒவ்வொன்றும் 44 எழுத்து, எல்லாமே சமக்குறியில் முடிகிறது. யாருடையது எது? சாவியை வைத்திருக்கும் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல் கையில் இருந்தால் போதும், பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். வேறு வழி தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருந்தேன். முதல் சாவியை எடுத்த பத்தாவது நிமிஷம் முதலாளி போன்.

வயர்கார்டைக் குறை சொல்லவில்லை. எழுதி வைக்கிற ஆள் இருந்தால் அது தங்கம். எனக்கு அந்த ஆள் இல்லை.

அடுத்து ஓப்பன்விபிஎன் ஆக்சஸ் சர்வர் என்ற இன்னொரு விபிஎன் பார்த்தேன். பிரவுசரிலேயே பெயர் பெயராக நிர்வகிக்கலாம். இலவசத்தில் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புதான், நாங்கள் ஐந்து பேர். கடைசியில் டெய்ல்ஸ்கேல். அடியில் ஓடுவது அதே வயர்கார்ட், ஆனால் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின், ரவுட்டரைத் தொட வேண்டாம், பட்டியலில் ஆள் பெயரும் மெஷின் பெயரும் இருக்கும். இலவசத்தில் எத்தனை பேர், தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்பதையெல்லாம் விதிமுறையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதிலும் நான் ஒரு சூடு பட்டேன். ஜூலை கடைசியில் போட்டேன். ஒவ்வொரு மெஷினின் சாவியும் 180 நாளில் காலாவதியாகும் என்பது அதன் வழக்கமான அமைப்பு. நான் கவனிக்கவில்லை. ஜனவரி கடைசி வாரம், ஜிஎஸ்டி கணக்கு அனுப்ப வேண்டிய நேரம், ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஆபீஸ் கம்ப்யூட்டர் காணவில்லை. செம்பவாங்கிலிருந்து ஊபி வரை போய் ஒரு லாகின் பட்டனை அழுத்திவிட்டு வந்தேன். ஆபீஸ் மெஷினுக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வைத்தேன். போட்ட அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

அதனால் தோழியிடம் சொன்னேன்: வேகம், நாடு, சர்வர் எண்ணிக்கை எல்லாம் அப்புறம். முதலில் உன் வீட்டுக்காரரை ஒரு ஆளாகச் சேர், உடனே நீக்கு. யாரையும் கேட்காமல் உன்னால் முடிந்தால் அது உனக்கான விபிஎன். முடியாவிட்டால் எவ்வளவு இலவசமானாலும் வேண்டாம். இந்தத் தலைவலியே வேண்டாமென்று தூரத்திலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை, அது உள்ளே வரும் வாசலான 3389 போர்ட்டை, நேராக இணையத்துக்குத் திறந்து வைத்துவிடாதே. திருடன் தினமும் தட்டிப் பார்க்கிற கதவு அது. வாடிக்கையாளர் ஐசி (அடையாள அட்டை) நம்பர் வெளியே போனால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. அதற்கென்று ஒரு அதிகாரியை நியமிக்கவும் வேண்டும். எங்கள் ஆபீசில் அதுவும் நான்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு, தே தாரிக்கின் கடைசி வாயைக் குடித்தபடி கேட்டாள்: “சரிடி, நீ வேலையை விட்டா உன்னை யார் நீக்குவா?”

இன்று காலை முதலாளியை இரண்டாவது அட்மினாகச் சேர்த்தேன். பாஸ்வேர்டை ஒரு மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதித் தரச் சொல்கிறார்.