கெட்ட கறியும் கூடுதல் விசிலும்

வியாசர்பாடியில் வாங்கிய ஆட்டுக்கறி பிசுபிசுத்துப் புளித்த வாடை வீசியதாக எழுதியவருக்கு, மஞ்சள்தூள் போட்டு அலசிக் குக்கரில் கூடுதலாக இரண்டு விசில் விட்டால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஒருவர் பதிலளித்திருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அது பாதி மட்டுமே சரி.

கொதிக்கும் வெப்பத்தில் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும் என்பது உண்மையே. எனினும், கறி வெயிலில் தொங்கிய நேரத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி அதில் பெருகி நச்சைச் சுரந்திருந்தால், அந்த நச்சு 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் கொதித்த பிறகும் எஞ்சி நின்று வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடும். அலசினாலும் அது முழுமையாக நீங்கிவிடும் என்று நம்ப முடியாது. ஆட்டுக்கறி விற்கும் விலைக்குக் கொட்ட மனம் வராதுதான், ஆனாலும் இப்படிக் கெட்ட கறியைக் கொட்டிவிடுவதே நல்லது.

மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பாடநூல்களில் இக்கிருமியைப் பற்றிய பகுதியிலோ, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இணையதளத்திலோ எவரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.