நான்கு மாதக் குடும்பத் தலைவர்

2004ல் அமெரிக்கா தத்தெடுத்த வெளிநாட்டுக் குழந்தைகள் கிட்டத்தட்ட 23 ஆயிரம். 2023ல் 1,300ஐக்கூடத் தொடவில்லை. 2024 செப்டம்பரில் சீனாவும் வெளிநாட்டுத் தத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது. "நாதியில்லாத பிள்ளைகளுக்கு இருந்த ஒரு வழியும் போச்சே" என்று நண்பர் ஒருவர் புலம்பினார். எனக்கு அந்த வருத்தம் பாதிதான் வருகிறது.

காரணம் தென்கொரியா. போர் முடிந்த 1950களில், அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்புவதில் தொடங்கியது. சரி, போர்க்காலக் கொடுமை என்று விட்டுவிடலாம். ஆனால் உச்சம் எப்போது தெரியுமா? 1985ல். ஒரே வருடத்தில் 8,800க்கும் மேல். நாடு வறுமையில் கிடந்தபோது போனதைவிட, ஒலிம்பிக் நடத்தத் தயாரானபோது போனதுதான் அதிகம்.

அத்தனை அநாதைகள் எங்கிருந்து வந்தார்கள்? காகிதத்திலிருந்துதான். பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போதே குழந்தையின் பெயரில் தனியாக ஒரு குடும்பப் பதிவேடு போடுவார்கள். அதில் இருப்பது ஒரே ஒரு ஆள். குடும்பத் தலைவரும் அந்த ஆள்தான். வயது நான்கு மாதம்! அநாதை என்றாகிவிட்டால் பெற்றவர்களைத் தேட வேண்டாம், விசாவும் சுலபம். அனுப்ப இருந்த குழந்தை இறந்துபோனால், அதே காகிதத்தில் இன்னொரு குழந்தையை ஏற்றி அனுப்பியதும் நடந்திருக்கிறது. 2025 மார்ச்சில், பழைய அத்துமீறல்களை விசாரித்த அந்நாட்டு அரசின் உண்மை ஆணையமே இதையெல்லாம் ஒப்புக்கொண்டது. தத்துப் போனவர்களில் புகார் கொடுத்த 367 பேரில் முதல் கட்டமாக 56 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று அறிவித்தது.

இலங்கையில் 1980களில் இன்னும் மோசம். குழந்தையை வெளிநாட்டுக்காரரிடம் கொடுக்க, கூலிக்கு ஒரு பெண்ணைப் பிடித்து, 'நான்தான் அம்மா' என்று கையெழுத்துப் போட வைத்தார்கள்.

இப்போது எண்ணிக்கை சரிகிறது என்றால், மனிதர்களுக்கு ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மீதிப் பாதி வருத்தம் நிஜம். சீனாவிலிருந்து கடைசி வருடங்களில் போனவர்களில் பெரும்பாலோர் உடற்குறையோ நோயோ உள்ள பிள்ளைகள். பெயர் பொருத்தி, போட்டோ அனுப்பி, இதோ வருகிறோம் என்று சொன்ன குடும்பங்கள் அப்படியே நிற்கின்றன. அந்தப் பிள்ளைகளைக் கேட்டு உள்ளூரில் யாரும் வராவிட்டால்? என்னிடம் பதில் இல்லை.

ஆனால் கதவைச் சாத்துகிறவர்கள் பழைய கோப்புகளையும் சேர்த்துப் பூட்டிவிடக் கூடாது. கொரியத் தூதரகங்களில், அன்று தத்துப் போன நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பெற்றவர்களைத் தேடி, கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி டிஎன்ஏ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கம் அம்மாவும் வந்து கொடுத்திருந்தால்தான் பொருந்தும். அந்த அம்மாக்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.