கண்ணாடி முன்னால் யாரும் நிற்கவில்லை

அரங்க நிகழ்ச்சியில் ஒரு பேச்சாளர் பெண்களைக் கிண்டலடித்த அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். "தமாஷுக்குச் சொன்னதைப் போய்ப் பெரிசாக்காதே" என்று இன்று காலை மூன்றாவது ஆளும் சொல்லிவிட்டார். இனி முடியாது.

இடைவேளை முடிந்தும் பாதி நாற்காலிகள் காலி. உடனே, "பெண்கள் இன்னும் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறார்கள் போல" என்றார் அந்தப் பேச்சாளர். நான் அப்போது கழிவறை வரிசையில் பதினோராவது ஆள். ஒலிபெருக்கி அங்கேயும் கணீரென்று கேட்கும். எனக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி. கண்ணாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

தாமதத்துக்குக் காரணம் அந்தக் கட்டடம். "இரண்டு பேருக்கும் ஒரே அளவு இடம்தானே?" என்பீர்கள். ஒரே அளவுதான். அங்கேதான் கோளாறே. ஆண்கள் நின்றபடி போகும் பீங்கானுக்குக் கொஞ்சம் இடம் போதும்; கதவு வைத்த அறைக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஒரு கணக்குக்கு, அவர்கள் பக்கம் ஏழு பேர் போகிற இடத்தில் எங்களுக்கு ஐந்து அறை என்று வையுங்கள். பெண்களுக்கு ஆகும் நேரமோ ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. உடை, மாதவிடாய், இடுப்பில் குழந்தை, கூட வந்த வயதானவர்... அப்புறம் தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேறு உட்கார வேண்டும். வரிசை நீளாமல் என்ன செய்யும்?

நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை இது. நியூயார்க் நகரம் 2005-லேயே, புதிதாகக் கட்டும் அரங்குகளில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு என்று சட்டம் போட்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குள் முதல் பெண் உறுப்பினர் நுழைந்தது 1917-ல். அவைக்குப் பக்கத்திலேயே பெண் உறுப்பினர்களுக்கென்று கழிவறை வந்தது 2011-ல். சட்டம் இயற்றுகிறவர்களுக்கே 94 வருடம் என்றால் நானெல்லாம் எந்த மூலை!

என் அம்மா வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். அவருக்குத் தாகமே எடுக்காது என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். சிறுநீர்த் தொற்று மூன்றாவது முறையாக வந்தபோதுதான் மருத்துவரிடம் காரணத்தைச் சொன்னார், அதுவும் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு. இப்போது நானும் அப்படித்தான் கிளம்புகிறேன்.

"ஆண்கள் பக்கமும் வரிசை இருந்தது." இருந்திருக்கும். நீங்கள் போய்விட்டுக் காபியும் குடித்து முடித்திருந்தீர்கள், நான் பார்த்தேன்.

"செலவு யார் செய்வது?" மேடை விளக்குகளுக்குச் செய்தவரே செய்யட்டும்.

"எல்லோருக்கும் பொதுவாகக் கட்டினால் என்ன?" என்று கேட்பவர்களை மட்டும் அலட்சியம் செய்ய மாட்டேன். தரைவரை கதவு, உறுதியான தாழ்ப்பாள், நல்ல வெளிச்சம் எல்லாம் இருந்தால் வரிசை உண்மையிலேயே குறையும். ஆனால் இருக்கிற பெண்கள் கழிவறையின் பலகையை மட்டும் மாற்றிவிட்டு, "இதோ, பொது" என்று சொன்னால் இருந்ததும் போச்சு.

சரி, ஆண்களை வெறுக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். என் ஹேண்ட்பேக்கைச் சுமந்துகொண்டு வாசலில் அரை மணி நேரம் நின்றவரும் ஆண்தான். அவரும் இரண்டாம் பாதியின் தொடக்கத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பேச்சாளர் மேலேகூட இப்போது அவ்வளவு கோபம் இல்லை. அவர் அதைச் சொன்னதும் அரங்கம் சிரித்தது. அந்தக் கர்ப்பிணி சுவரில் சாய்ந்து நின்றபடியே சிரித்தார். வரிசையில் எல்லோரும் சிரித்தோம்.