கோட்டைக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே

2022 ஏப்ரல். உள்ளாட்சித் தேர்தல் முடிந்து கவுன்சிலர்கள் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வார்டு கவுன்சிலரம்மா ரேஷன் கடை வாசலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். திட்டியவர் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா.

"ஓட்டுக் கேக்க வந்தப்ப கால்ல விழாத குறையா கும்பிட்ட. ஜெயிச்ச உடனே வீட்டு வரிய ஏத்திட்டியேம்மா!"

"நான் ஏத்தல பெரியம்மா. கவர்மெண்டு ஏத்துச்சு. நாங்க தீர்மானம் போட்டோம், அவ்வளவுதான்."

"தீர்மானம் போட்டது நீதான?"

"போடலைன்னா மானியம் வராதுன்னுட்டாங்க பெரியம்மா."

பெரியம்மாவுக்கு இது மழுப்பலாகத் தெரிந்தது. எனக்கோ நம் நாட்டின் நகராட்சி நிர்வாகம் மூன்று வரியில் விளங்கிவிட்டது. மத்திய வரிப்பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் டெல்லியின் 15-வது நிதிக்குழு, சொத்து வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்தது. கோட்டையில் இருந்த மாநில அரசு அதைக் காட்டி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வை அறிவித்தது. நகராட்சி மன்றங்கள் கையைத் தூக்கின. ஏச்சு மட்டும் கடைசி ஆளுக்கு. வரியை உயர்த்தியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த வரி அது. ஆனால் எவ்வளவு, எந்த அளவு வீட்டுக்கு, எப்போது என்று எங்கள் ஊர் மன்றம் கூடிப் பேசி முடிவெடுக்க ஒரு இடம் வேண்டாமா?

இதே கதை 2017-ல் சினிமா டிக்கெட்டிலும் நடந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு கேளிக்கை வரி போட உள்ளாட்சிகளுக்கு மட்டும்தான் வழி மிஞ்சியது. உடனே மாநில அரசு உள்ளாட்சிக் கேளிக்கை வரிக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. இரட்டை வரி என்று தியேட்டர்காரர்கள் காட்சிகளை நிறுத்தினார்கள். பேச்சுவார்த்தை எல்லாம் கோட்டையில்தான். வரி யார் பேரில் இருந்ததோ அந்த மேயர்கள் அந்தப் பேச்சில் இல்லை. இருக்கவும் முடியாது, அப்போது தமிழ்நாட்டில் மேயர்களே கிடையாது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நம் சட்டமன்றம் போட்ட சட்டங்களை வரிசையாகப் பாருங்கள். 1996-லும் 2001-லும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி மக்கள். 2016-ல் மறுபடி கவுன்சிலர்கள் என்று திருத்தினார்கள், அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. 2018-ல் மக்களே என்று இன்னொரு திருத்தம். 2019 நவம்பரில் இல்லை, கவுன்சிலர்கள்தான் என்று அவசரச் சட்டம். கடைசி இரண்டையும் செய்தது ஒரே அரசு, ஒரே முதலமைச்சர்! 2019-ல் அதைக் கடுமையாக எதிர்த்த திமுக, ஆட்சிக்கு வந்து 2022-ல் தேர்தல் நடத்தியபோது அந்த மறைமுக முறையையே வைத்துக்கொண்டது. வசதியாக இருந்தது போலும்.

2002 இன்னும் சுவாரசியம். ஒருவரே எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று அன்றைய அதிமுக அரசு சட்டம் கொண்டுவந்தது. கொள்கையாகப் பார்த்தால் நல்ல சட்டம், நானே கை தட்டுவேன். ஆனால் அது யாரைக் குறி வைத்தது என்று ஊருக்கே தெரியும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. முடிவில் சென்னை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயர் ஸ்டாலின் நாற்காலியை விட்டு இறங்கினார். அந்த வலியை அனுபவித்தவர் பின்னாளில் உள்ளாட்சித் துறைக்கு அமைச்சரானார், முதலமைச்சரும் ஆனார். மேயர் பதவிக்கு உயிர் கொடுப்பார் என்று நான் நிஜமாகவே எதிர்பார்த்தேன். ஏமாந்தேன்.

நேரடித் தேர்தலா, மறைமுகமா என்று டிவி விவாதங்களில் கத்துகிறார்களே, எனக்கு அது இரண்டாம்பட்சம். எந்த வழியில் வந்தாலும் மேயர் உட்காரும் நாற்காலிக்கு என்ன அதிகாரம்? நிர்வாகம் ஆணையர் கையில். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் சட்டம் போட்டு மெட்ரோ வாட்டர் வாரியத்துக்குப் போயின. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்பது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். பேருந்து ஒரு கழகம், மின்சாரம் ஒரு கழகம், குடிசைப் பகுதிகளுக்குத் தனி வாரியம். மேயரிடம் மிஞ்சுவது குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசு, கொஞ்சம் பள்ளிக்கூடம். மழையில் தெரு மூழ்கினால் மட்டும் "மேயர் எங்கே?" என்று கேட்கிறோம். கொல்கத்தாவில் மேயருக்கு ஓர் அமைச்சரவை மாதிரி குழு உண்டு, நிர்வாகப் பொறுப்பே அவர்களிடம். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்கு என்று எடுத்து வைத்தார்கள். அங்கெல்லாம் ஒன்றும் மாநிலம் உடைந்து போகவில்லை.

அரசியலமைப்பின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 12-வது அட்டவணையில் 18 பொறுப்புகள். நகரத் திட்டமிடலே அதில் முதலாவது. குடிநீரும் உண்டு. ஆனால் அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிக்கு 'அளிக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த 'லாம்' இருக்கிறதே, அது முப்பது வருஷமாக நம் நகரங்களின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. தேர்தல் விஷயத்தில் மட்டும் சட்டம் கறாராகப் பேசுகிறது: ஐந்தாண்டு முடியும் முன் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும்.

நடந்ததா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ல்தான் வாக்குப்பதிவு. இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு என்று காரணங்கள். நடுவே ஆண்டது அரசு நியமித்த அதிகாரி, 'தனி அலுவலர்'. அவர் பதவிக்காலத்தை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்க மசோதா வரும், கூச்சல் குழப்பத்துக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். ஒரு தலைமுறை கவுன்சிலர்களே இல்லாமல் போன அந்த ஐந்து வருஷத்தில் யார் வீட்டிலும் அடுப்பு எரியாமல் இல்லை. அதனால்தான் நமக்கும் உறைக்கவில்லை. கிராமங்களிலும் இதேதான்: 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அங்கும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, நாட்டிலேயே மூத்தது என்று மார் தட்டுகிறோமே, அதற்கு 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி அன்றைய திமுக அரசு 1973 இறுதியில் கலைத்தது. அடுத்து வந்தவர்களும் தேர்தல் வைக்கவில்லை. இதில் என்னை எப்போதும் உறுத்துவது ஒரு தேதி. அதே திமுக அரசு அடுத்த சில மாதங்களில், 1974 ஏப்ரலில், சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. நானும் மாநில சுயாட்சிக்காரன்தான். ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போட்டால் எனக்கும் ரத்தம் கொதிக்கிறது. டெல்லி நம் வரிப்பணத்தை எடுத்துக்கொண்டு நிபந்தனையோடு திருப்பித் தருகிறது என்றால் வாசலில் நின்று கத்துவேன். ஆனால் அந்த வாதத்தில் 'டெல்லி' என்ற இடத்தில் 'கோட்டை' என்றும், 'மாநிலம்' என்ற இடத்தில் 'நகராட்சி' என்றும் மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு வரிகூடத் தட்டாது. மாமியார் உடைத்தால் மண்குடம்.

சட்டமன்றம் நல்லதே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2016-ல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் கொடுத்தது (தனக்கு அதில் பாதிகூட எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை). 2025-ல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்கச் சட்டம் வந்தது. எங்கள் கவுன்சிலரம்மா அந்த மன்றத்தில் இருப்பதே 50 சதவீதத்தால்தான். உள்ளே போக வழி திறந்தார்கள். உள்ளே போய் என்ன செய்வது என்பதைத்தான் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கும்போதும் இதைத்தான் பார்க்கிறோம். கிராமசபையில் தீர்மானம் போடுகிறார்கள், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறார்கள். 'நகரத்தோடு சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும்' என்ற பயம் நியாயமான பயம். நகரமாக வளர்ந்துவிட்ட சில ஊர்களைச் சேர்க்கத்தான் வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேர விருப்பமா என்று அந்த ஊரை ஒரு வார்த்தை கேட்டு, அந்தப் பதிலுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாமா?

போன வாரம் கவுன்சிலரம்மாவைப் பார்த்தேன். 2027 தொடக்கத்தில் இவர்கள் ஐந்தாண்டு முடிகிறது. மறுபடி நிற்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார்.

"எப்பத் தேர்தல் வைப்பாங்கன்னு தெரியாது. எங்க வார்டு இருக்குமா, எல்லை மாறுமான்னு தெரியாது. பொம்பளைக்கா ஆம்பளைக்கான்னும் தெரியாது. எல்லாமே மெட்ராஸ்லதான் அண்ணே முடிவாகணும். நீங்க இப்ப அந்த மூணாவது தெரு விளக்கச் சொல்லுங்க, அத மட்டும் நான் நாளைக்குப் போட்டுத் தர்றேன்."