ஆலையோடு வளர்ந்த ஊர்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் புறநகரான சன்ஷைன் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் ஆலை முதலாளி மெக்கேயை ஏதோ ஊரையே தொழிலாளிகளுக்குத் தானமாகக் கொடுத்த வள்ளல் மாதிரி எழுதியிருப்பது கொஞ்சம் அதிகம்.

1906-ல் பல்லாரட்டிலிருந்த அறுவடை இயந்திர ஆலையை அங்கே கொண்டுவந்தார். மறுவருடமே இயந்திரத்தின் பெயரை ஊருக்கும் வைத்தார்கள். வீடு, தோட்டம் எல்லாம் போட்டுக் கொடுத்தார், மறுக்கவில்லை. கூலி என்று வந்தபோதுதான் சிக்கல். மனைவி, மூன்று பிள்ளைகளோடு ஒரு கூலித் தொழிலாளி சிக்கனமாகவாவது கௌரவமாக வாழ நாளுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று 1907-ல் நீதிபதி ஹிக்கின்ஸ் தீர்ப்பளித்தார். (உழைக்கும் பெண்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பது தனிக் கதை.) மெக்கே மசியவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 1908-ல் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான சட்டமே செல்லாமல் போனது. ஆனாலும் பிற்பாடு ஆஸ்திரேலியாவின் அடிப்படைக் கூலிக்கு அந்த 7 ஷில்லிங்தான் அளவுகோலாக இருந்தது. இதைக் கட்டுரையில் ஒரு வரிகூடக் காணோம்!

இன்னொன்று, அந்த ஊரில் பல இன மக்கள் கலந்தது வியட்நாமியர் வந்த பிறகுதான் என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததுமே மால்டா, இத்தாலி, போலந்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆலை இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் நிற்கிறது.